ஆபீஸ் வெல்னெஸ் ப்ரோக்ராம்: எது வேலை செய்யுது, எங்க பணம் வீணாகுது

வணக்கம். வெல்னெஸ் ப்ரோக்ராம்னா ஊழியர்கள் ஆரோக்கியமா இருக்க ஆபீஸ் நடத்தற திட்டம். அதை விக்க வர்ற எந்த வெண்டரோட பிரசென்டேஷனை எடுத்தாலும் ஒரு ஸ்லைடு கண்டிப்பா இருக்கும். ஒரு கிராஃப், அதுல ரெண்டு பார். ஒண்ணு ப்ரோக்ராம்ல சேர்ந்தவங்களோட மருத்துவச் செலவு, இன்னொண்ணு சேராதவங்களோடது. சேர்ந்தவங்க பார் குட்டையா இருக்கும். "பாருங்க சார், எங்களால இவ்வளவு மிச்சம்"பாங்க. இந்த வீடியோ அந்த ஸ்லைடைப் பார்த்துட்டு பட்ஜெட் கேக்கப் போற ஹெச்ஆர் ஆளுங்களுக்கு. சேரலாமா வேண்டாமான்னு யோசிக்கிற ஊழியர்களுக்கும்தான்.

அந்த ஸ்லைடுல என்ன கோளாறு? காலையில ஏழு மணி யோகா கிளாஸுக்கு யார் வருவாங்கன்னு யோசிங்க. ஏற்கெனவே நடக்கிறவங்க, அளவாச் சாப்பிடறவங்க, சிகரெட் தொடாதவங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வீட்டுல குழந்தையைப் பார்த்துக்கணும்னு ஓடறவர் வரமாட்டார். அப்போ அந்தக் குட்டை பார் ப்ரோக்ராம் பண்ணின வேலை இல்ல. அந்த ஆளுங்க வரும்போதே அப்படித்தான் வந்தாங்க.

இது வெறும் சந்தேகம் இல்ல, பரிசோதிச்சுப் பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல இலினாய் பல்கலைக்கழகத்துல 2016-ல, தன்னோட ஊழியர்கள் 4,834 பேரை எடுத்து, குலுக்கல் முறையில 3,300 பேருக்கு மட்டும் ப்ரோக்ராமைத் திறந்து விட்டாங்க. மீதி 1,534 பேருக்குக் கதவு மூடினது மூடினதுதான். வழக்கமான ஸ்லைடு மாதிரி சேர்ந்தவங்களையும் சேராதவங்களையும் ஒப்பிட்டா, பெரிய லாபம் தெரிஞ்சுது. அதே டேட்டாவை, வாய்ப்புக் கிடைச்ச மொத்தக் கூட்டம், கிடைக்காத மொத்தக் கூட்டம்னு ஒப்பிட்டா, மருத்துவச் செலவுலயோ லீவ் எடுக்கறதுலயோ ஜிம் போறதுலயோ சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தும் கதை பெருசா மாறல.

இன்னொரு எண்ணையும் காட்டுவாங்க: ஒரு டாலர் போட்டா மருத்துவச் செலவுல 3.27 டாலர் மிச்சம். இது 2010-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு. அதை எழுதினவங்கள்ல ஒருத்தர் கேத்தரின் பெய்க்கர்ன்ற பொருளாதார நிபுணர். அவரே பின்னாடி இன்னொருத்தரோட சேர்ந்து, பிஜேஸ் ஹோல்சேல் கிளப்னு ஒரு கடை நிறுவனத்துல, 160 கிளைகள்ல 20 கிளையைக் குலுக்கல்ல எடுத்து, ப்ரோக்ராம் நடத்தி அளந்து பார்த்தார். 2019-ல ரிசல்ட் வந்துது. நாங்க தவறாம உடற்பயிற்சி பண்றோம்னு சொன்னவங்க 8 சதவீதப் புள்ளி அதிகம், எடையைக் கவனிக்கிறோம்னு சொன்னவங்க 13 புள்ளிக்கு மேல அதிகம். ஆனா பதினெட்டு மாசம் கழிச்சு ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, மருத்துவச் செலவு, வேலைத் திறன் எதுலயும் குறிப்பிடும்படி மாற்றம் இல்ல. 3.27-ஐ ஸ்லைடுல போடறவங்க அடுத்த ஆய்வை ஏன் போடலன்னு அவங்ககிட்டயே கேளுங்க.

அப்போ எல்லாமே வேஸ்ட்டா? இல்ல. எந்தப் பகுதி வேலை செய்யுதுன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

பெப்சிகோ நிறுவனத்தோட ஏழு வருஷ டேட்டாவை ராண்ட்ன்ற ஆராய்ச்சி அமைப்போட ஆய்வாளர்கள் 2014-ல பிரிச்சாங்க. பொதுவான வாழ்க்கை முறைப் பகுதி, அதாவது நடைபயிற்சி, டயட், ஸ்ட்ரெஸ் கிளாஸ் மாதிரி: ஒரு டாலர் போட்டா அரை டாலர்தான் திரும்பி வந்துது. ஏற்கெனவே சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் இருக்கறவங்களை நர்ஸ் போன்ல கூப்பிட்டு, மருந்து ஒழுங்கா எடுக்கறாங்களான்னு பார்த்துக்கிற பகுதி: ஒரு டாலருக்கு 3.80. கலந்துக்கிட்டவங்கள்ல 13 சதவீதம் பேர்தான் இந்த ரெண்டாவது பகுதியில இருந்தாங்க, மிச்சமான மருத்துவச் செலவுல 87 சதவீதம் இவங்களாலதான். இது குலுக்கல் போட்ட ஆய்வு இல்ல, அதனால அந்த 3.80-ஐ அப்படியே நம்ப வேண்டாம், கொஞ்சம் கழிச்சுக்கோங்க. ஆனா திசை சரி. காரணம் நேரடியானது: சர்க்கரைக்கு மாத்திரை விட்டுவிட்டு எடுக்கிற ஒருத்தர் இந்த வருஷமே ஆஸ்பத்திரியில படுக்க வாய்ப்பு இருக்கு. நல்லா இருக்கிற இருபத்தஞ்சு வயசுக்காரர் நடந்தாலும் நடக்காட்டாலும் இந்த வருஷக் கணக்குல ஒண்ணும் தெரியாது.

சிகரெட்டும் அப்படித்தான். ஜெனரல் எலெக்ட்ரிக்ல 878 ஊழியர்களை வச்சு 2009-ல வெளிவந்த ஆய்வு. ஒரு பாதிக்கு வெறும் தகவல். இன்னொரு பாதிக்குத் தகவலோட, விட்டுட்டேன்னு டெஸ்ட்ல நிரூபிச்சா மொத்தம் 750 டாலர் வரைக்கும் பணம். ஒம்பது, பன்னெண்டு மாசம் கழிச்சு வெறும் தகவல் குழுவுல 5 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க, பணக் குழுவுல 14.7. கவனிங்க, ஜெயிச்ச குழுவுலயும் நூத்துக்கு எண்பத்தஞ்சு பேர் விடல. ஆனா மும்மடங்குன்றது சின்ன விஷயம் இல்ல. பணத்தைத் தவணையா வச்சிருந்தாங்கன்றதும் முக்கியம்: க்ளாஸ் முடிச்சா கொஞ்சம், முதல் ஆறு மாசத்துக்குள்ள விட்டா கொஞ்சம், அதுக்கப்புறம் இன்னொரு ஆறு மாசம் தாக்குப் பிடிச்சா பெரிய தொகை. எடுத்த எடுப்புல மொத்தத்தையும் கொடுத்தா, வாங்கிட்டு மறுபடி பத்த வச்சுடுவாங்க.

இப்போ ஆபீஸ்ல எல்லாரும் பண்ற ஹெல்த் செக்கப் கேம்ப். இதுல நேரம் எடுத்துப் பேசறேன், ஏன்னா கேம்ப்ல எடுக்கிற பிபி அளவு பல இடத்துல தப்பா இருக்கும்.

கான்ஃபரன்ஸ் ரூம்ல க்யூ. மாடிப்படி ஏறி வந்தவர் உக்கார்றதுக்குள்ள சட்டை மேலயே பட்டையைச் சுத்திடுவாங்க. கை தொங்கும், கால் மேல கால், பக்கத்துல ஒருத்தர் பேச்சுக் கொடுப்பார், அரை மணி முன்னாடிதான் காபி. இது ஒவ்வொண்ணும் அளவை மேல தள்ளும். சரியான முறை இதோ, கேமரால காட்டறேன். முதுகு சாய்ஞ்சு, ரெண்டு பாதமும் தரையில, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும். பாத்ரூம் போயிட்டு வந்திருக்கணும். வெறும் கையில பட்டை, கை மேசை மேல இதய உயரத்துல. ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை எடுத்து சராசரி போடணும்.

பட்டையோட சைஸ்தான் யாரும் கண்டுக்காத விஷயம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியில கையைச் சுத்தி டேப் வச்சு சுற்றளவை அளங்க. 27-லேர்ந்து 34 சென்டிமீட்டர்னா சாதாரண சைஸ், 35-லேர்ந்து 44-ன்னா பெரிய சைஸ், அதுக்கும் மேலன்னா இன்னும் பெரிசு. மிகப் பெரிய சைஸ் தேவைப்படறவருக்கு சாதாரணப் பட்டையைப் போட்டா, மேல் எண் கிட்டத்தட்ட 20 புள்ளி கூடக் காட்டும்னு 2023-ல ஒரு ஆய்வு அளந்து சொல்லியிருக்கு. 125 இருக்கறவர் 145-ன்னு பேப்பரை வாங்கிட்டு ராத்திரி தூங்காம இருப்பார். அதனால வெண்டர் மூணு சைஸ் பட்டை கொண்டு வரணும்னு ஆர்டர்லயே எழுதுங்க. ஒருத்தருக்கு எட்டு நிமிஷம்னு ஸ்லாட் போடுங்க, ஒரு மணி நேரத்துல முப்பது பேரை முடிக்கிறோம்னு சொல்ற வெண்டர் வேண்டாம்.

சர்க்கரைக்கு, கடந்த ரெண்டு மூணு மாசச் சராசரியைக் காட்டற ஹெச்பிஏ1சி ரத்த டெஸ்ட் எடுத்தா வெறும் வயித்துல வரவேண்டியதில்ல, மதிய ஷிஃப்ட்காரங்களுக்கும் ஒத்துவரும். 6.5 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தா சர்க்கரை வியாதிக்கான அளவு, ஆனா அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு டெஸ்ட்ல உறுதிப்படுத்தாம முத்திரை குத்தக் கூடாது. அப்புறம் கேம்ப்போட உண்மையான ஓட்டை ரிப்போர்ட் வந்த பிறகுதான். சிவப்பு எழுத்துல ஒரு எண், கீழ "மருத்துவரை அணுகவும்". அவ்வளவுதான். அடுத்து யார் போன் பண்ணுவாங்க, எத்தனை நாளுக்குள்ள, டாக்டரைப் பார்த்தாச்சான்னு யார் கேப்பாங்க? இதுக்குப் பதில் இல்லாத கேம்ப் நடத்தாம இருக்கறது நல்லது. பயத்தை மட்டும் கையில கொடுத்து அனுப்பறீங்க. இலினாய் ஆய்வுல கிடைச்ச சின்ன நல்ல விஷயமே இந்தப் பக்கம்தான்: ரெண்டு வருஷத்துல, தனக்குன்னு ஒரு வழக்கமான டாக்டர் இருக்கார்னு சொன்னவங்க கூடியிருந்தாங்க.

அடுத்து, வராதவங்களுக்கு அபராதம் போடற யோசனை. தயவுசெஞ்சு வேண்டாம். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2013-ல, உடல்நலக் கேள்வித்தாளை நிரப்பாதவங்களுக்கு மாசம் 100 டாலர் பிடிப்போம்னு சொல்லி, பேராசிரியர்கள் கொதிச்சு, சில வாரத்துலயே வாபஸ் வாங்கினாங்க. யேல் பல்கலைக்கழகம் சேராதவங்ககிட்ட வாரம் 25 டாலர் பிடிச்சு, வழக்காகி, 2022-ல 12.9 லட்சம் டாலருக்கு சமரசம் பண்ணிக்கிட்டாங்க. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனா ரெண்டு வேலை பார்க்கிறவங்க, நோயை வெளிய சொல்ல விரும்பாதவங்க, இவங்கதான் சேராதவங்க. அபராதம் விழறது அவங்க தலையில.

ஊழியர்களோட உண்மையான பயம் டேட்டா. "நாங்க தனி ஆள் விவரம் தரமாட்டோம், மொத்தக் கணக்குதான்"னு சொல்வாங்க. அது போதாது. ஒரு டீம்ல 14 பேர், மன அழுத்தம்னு குறிச்சவங்க 3 பேர்னு போன மாச ரிப்போர்ட் சொல்லுது. ஒருத்தர் வேலையை விட்டுப் போறார். இந்த மாசம் 13 பேர்ல 2. அந்த மூணாவது ஆள் யாருன்னு மேனேஜருக்கு இப்போ தெரிஞ்சுடுச்சு, ஒரு பேரும் எழுதாமலே. அதனால டீம் வாரியா ரிப்போர்ட் கேக்காதீங்க, மாசாமாசமும் கேக்காதீங்க. முழு நிறுவனத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, எந்தக் கட்டத்துலயும் பத்துப் பேருக்குக் கீழ இருந்தா எண்ணே வரக் கூடாது. கவுன்சலிங் வசதிக்கும் இதேதான்: ஆபீஸ் ஈமெயில்ல லாகின் பண்ணச் சொன்னா, பில்லுல பேர் வந்தா, யாரும் கூப்பிட மாட்டாங்க. போன் நம்பர் ஒண்ணு, கோட் ஒண்ணு, பில்லுல எண்ணிக்கை மட்டும்.

ஸ்டெப் சேலஞ்ச், அதாவது யார் அதிக அடி நடக்கறாங்கன்ற போட்டி பத்தி ரொம்பப் பேச வேண்டாம். பத்தாயிரம் அடின்ற இலக்கு 1965-ல ஜப்பான்ல ஒரு பெடோமீட்டரை விக்க வச்ச பேர்லேர்ந்து வந்தது, ஆராய்ச்சியில பொறந்தது இல்ல. தனி ஆள் லீடர்போர்டு வச்சா, முதல் பத்து இடத்துல ஏற்கெனவே மாரத்தான் ஓடறவங்க. கீழ இருக்கறவங்க ரெண்டாவது வாரமே ஆப்பை அழிச்சுடுவாங்க. நடத்தியே ஆகணும்னா, அவரவர் போன வாரச் சராசரியை விட ஆயிரம் அடி கூடன்னு வையுங்க, டீமாப் போடுங்க, ஆறு வாரத்துல முடிங்க. சக்கர நாற்காலியில இருக்கறவருக்கு, முழங்கால் வலிக்காரருக்கு நிமிஷக் கணக்கு வையுங்க. ஜாலிக்காக நடத்தறோம்னா ஜாலின்னே சொல்லுங்க, அதுல தப்பில்ல.

மன அழுத்தம்தான் பெரிய தலைப்பு. பிரிட்டன்ல 233 நிறுவனங்கள்ல 46,336 பேரோட சர்வேயை வச்சு 2024-ல ஒரு ஆய்வு வந்துது. மைண்ட்ஃபுல்னெஸ், தாங்குதிறன் பயிற்சி, ரிலாக்சேஷன் ஆப் இதுல எல்லாம் கலந்துக்கிட்டவங்க, கலந்துக்காதவங்களை விட நல்லா இல்ல. தன்னார்வத் தொண்டு மட்டும் விதிவிலக்கா நின்னுது. ஒரே நேரத்துல எடுத்த சர்வேதான், காரண காரியம் நிரூபிக்காது. ஆனாலும் ஆச்சரியம் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பற மேனேஜர் அப்படியே இருக்கார், ஊழியருக்கு மட்டும் மூச்சுப் பயிற்சி! வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கறவங்களுக்கு, 35-40 மணி பார்க்கறவங்களை விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் 2021-ல சொல்லிட்டாங்க. அந்த 55-ஐ எந்த ஆப்பும் குறைக்காது.

அதனால யோகா டீச்சருக்கு ஒதுக்கின பணத்துக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. மூணு மாச அட்டெண்டன்ஸ் டேட்டாவை எடுத்து, தொடர்ந்து நாலு வாரம் 48 மணியைத் தாண்டினவங்க யார், எந்த டீம்னு பாருங்க. பெரும்பாலும் சில டீம்லதான் குவிஞ்சிருக்கும். அங்க ஆள் போடுங்க, இல்லன்னா வேலையைக் குறைங்க. ஷிஃப்ட் அட்டவணையை ரெண்டு வாரம் முன்னாடியே ஒட்டுங்க, ஒட்டின பிறகு மாத்தினா அதுக்குக் கூடுதல் காசு. மேனேஜர்களுக்கு ட்ரெயினிங் கொடுங்க, உலக சுகாதார நிறுவனத்தோட 2022 வழிகாட்டுதல்லயும் அது இருக்கு. இதெல்லாம் போஸ்டர்ல போட்டோ எடுக்க அழகா இருக்காது, அதனாலதான் யாரும் விக்கறதில்ல.

கடைசியா அளக்கறது. பத்துக் கிளை இருந்தா, சீட்டுப் போட்டு அஞ்சுல இந்த வருஷம், அஞ்சுல அடுத்த வருஷம். யாருக்கும் மறுக்கல, வருஷம் மட்டும் வேற. உங்களுக்கு இலவசமா ஒரு ஒப்பீட்டுக் குழு கிடைக்கும். இது இல்லாம, போன வருஷம் பிபி அதிகமா இருந்தவங்களை மட்டும் மறுபடி அளந்து "குறைஞ்சிருச்சு"ன்னு காட்டினா நம்பாதீங்க. அன்னிக்கு எக்குத்தப்பா ஏறியிருந்த அளவு, ஒண்ணுமே பண்ணாட்டாலும் அடுத்த தடவை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஒரு வருஷத்துல மருத்துவச் செலவு குறையும்னும் காத்திருக்காதீங்க, ஒரு பெரிய ஆபரேஷன் வந்தாலே சின்னக் கம்பெனியோட கணக்கு புரண்டுடும். பார்க்க வேண்டியது: சிவப்பு ரிப்போர்ட் வாங்கினவங்கள்ல முப்பது நாளுக்குள்ள டாக்டரைப் பார்த்தவங்க எத்தனை பேர், மாத்திரையை மாசாமாசம் வாங்கறவங்க எத்தனை, சிகரெட்டை ஆறு மாசம் விட்டவங்க எத்தனை, அதிக நேரம் வேலை பார்த்த டீம்கள்ல ராஜினாமா குறைஞ்சுதா. "எத்தனை பேர் ஆப்பை டவுன்லோட் பண்ணினாங்க" இந்த லிஸ்ட்ல இல்ல. வெண்டரோட ஃபீஸ்ல ஒரு பங்கை முதல் மூணு எண்ணோட கட்டி கான்ட்ராக்ட் போடுங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சா தொண்ணூறு நாள்ல டேட்டாவை அழிச்சு, எழுத்துல உறுதி தரணும்னு ஒரு வரியும் அதுலயே சேர்த்துடுங்க.