அத்தை கலக்கிய மைலோ

வணக்கம் நேயர்களே. ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் முன் குனிந்தே முதுகு வளைந்தவள் நான். இன்றைக்குப் புரதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பருப்பு, முட்டை என்று டாக்டர் சாப்பிடச் சொல்வாரே, அது இல்லை. நம் மூளைக்குள்ளேயே உருவாகி, மடிப்புத் தவறிப்போகிற புரதம்.

முதலில் என் அத்தை கதை.

சிங்கப்பூரில் ஈசூன் வீடு, சாயங்காலம். அத்தை மூன்று கோப்பை மைலோ கலக்கினார். ஒன்று எனக்கு. மற்ற இரண்டையும் சோபா முன்னால் ஸ்டூலில் வைத்து, "சூடா இருக்கு, ஊதிக் குடிங்கடா" என்றார். சோபா காலி. யாருக்கு அத்தை என்றேன். "தெரியலையா? ரெண்டு புள்ளைங்க. பச்சைச் சட்டை. வாயே திறக்க மாட்டேங்குதுங்க." குரலில் பயமே இல்லை. மைலோ ஆறிப்போகிறதே என்ற கவலைதான்.

மந்திரிக்கணும் என்றார் ஒருவர். வயசானா அப்படித்தான் என்றார் இன்னொருவர். ஒரு கிளினிக்கில், இல்லாத உருவம் தெரிவதை நிறுத்த மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அத்தையின் உடம்பு மரக்கட்டை. கரண்டி வாய்க்குப் போகவில்லை.

அப்புறம் பார்த்த டாக்டர், அத்தையை விட்டுவிட்டு மாமாவைத்தான் கேட்டார்: "தூக்கத்தில் கத்துவாரா, உதைப்பாரா?" மாமா சிரித்துவிட்டார். உதை தாங்காமல் அவர் ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்துப் பத்து வருஷம்! அதுதான் முதல் அறிகுறி. வந்திருப்பது லூவி பாடி டிமென்ஷியா, மூளையில் புரதத் திரட்டுகள் சேர்வதால் வரும் ஒருவகை மறதிநோய். இந்த நோய்க்காரர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் ஆகவே ஆகாது.

சரி, புரதத்துக்கு வருவோம். புரதம் நீளமான ஒரு சரம். சேலையை மடிப்பு வைத்துச் செருகினால்தானே நடக்க முடியும்? அதுபோல இந்தச் சரமும் அதற்குரிய மாதிரி மடிந்தால்தான் வேலை செய்யும். சில புரதங்கள் தவறாக மடிந்தால் அது மட்டும் கெடுவதில்லை, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நம் ஊரில் வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்காமலே போய் நிற்போமே, அந்தக் கதைதான். ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்ந்து கட்டியாகிவிடும்.

அல்சைமர் நோய்க்குப் பேர் தந்த ஜெர்மன் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் விவரித்த மூளையில் இப்படிப்பட்ட கட்டிகள் இரண்டு வகை இருந்தன. நரம்பணுக்களுக்கு வெளியே படிவது அமிலாய்டு. உள்ளே முறுக்கிக்கொண்டு கிடப்பது டாவ். அத்தைக்கு வந்தது வேறு, ஆல்ஃபா சைனியூக்ளின். அந்தத் திரட்டுகளை லூவி என்ற டாக்டர் 1912இலேயே பார்த்து எழுதிவிட்டார். உள்ளே இருப்பது எந்தப் புரதம் என்று தெரிய 1997 ஆனது. டிடிபி-43 என்று இன்னொன்று, எண்பதைத் தாண்டியவர்களிடம் அதிகம்.

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். வயதானவர் மூளையில் பெரும்பாலும் ஒரே ஒரு குற்றவாளி இருப்பதில்லை. இறந்தபின் திறந்து பார்த்தால் இரண்டு, மூன்று புரதங்கள் கலந்து கிடக்கும். கூடவே ரத்தக்குழாய் அடைப்பும் இருக்கும். பேர் என்னவோ அல்சைமர் ஒன்றுதான். ஒன்றல்ல, கலவை. திரும்பவும் சொல்கிறேன், கலவை.

இதற்கு நேர்மாறாகவும் உண்டு. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒருவர் 101 வயதில் இறந்தார். கடைசிவரை ஞாபகத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண். மூளையைப் பார்த்தால் அமிலாய்டு படிந்து கிடக்கிறது! ஏன் சிலருக்கு மட்டும் தாங்குகிறது என்பது…

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மருந்தைப் பற்றி ஒரு வரி: 2023இல் அமெரிக்கா அனுமதித்த லெக்கானமாப் அமிலாய்டைக் கரைக்கும், ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் கலவையில் மற்றதெல்லாம்? அதை இன்னொரு நாள் பேசலாம்.

வீட்டில் யாராவது தூக்கத்தில் உதைத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாருக்கும் இந்த நோய் வரும் என்பதில்லை, ஆனாலும் சொல்லுங்கள். அத்தையிடம் நாங்கள் "அங்கே யாரும் இல்லை" என்று வாதாடுவதை விட்டுவிட்டோம். கோப்பைகளை மட்டும் சின்னதாக மாற்றினோம், மைலோ வீணாகிறதே என்று.

வணக்கம்.