பாரம் இறங்கிய பிறகு முறுக்குங்கள்

வணக்கம் நேயர்களே.

குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது, வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் காரின் முன்பக்கம் அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் மறுபடியும் ஒரு ‘டொக்’. நீலகிரியில் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேருக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. பெரும்பாலும் இது, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ், அதாவது மூட்டில் இருக்கும் ரப்பர், கிழிந்த சத்தம். கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போகும்போது ‘கடகட’ என்று கேட்டால், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால், ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலையில் இருக்கும் டாப் மவுண்ட் பேரிங் இறுகிப்போயிருக்கும். சத்தமே இல்லாமல் வண்டி மட்டும் படகு ஆடுவதைப் போல ஆடுகிறது, ஷாக் அப்சார்பர் மேல் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கிறது என்றால் ஷாக் போய்விட்டது.

இந்தப் பாகங்களை இப்போது வெளி கம்பெனி ஸ்பேராக (கார் கம்பெனி அல்லாத வேறு கம்பெனியின் பாகமாக) வாங்கி, வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்கிறவர்கள் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். செய்யக்கூடிய வேலைதான். கருவிகளும் பொறுமையும் இருந்தால் நன்றாகவே செய்யலாம். ஆனால் நல்ல விலை கொடுத்து வாங்கிய புஷ் சில மாதங்களிலேயே கிழிந்து, ‘லோக்கல் ஸ்பேர், அதான் இப்படி’ என்று கடைக்காரர் மேல் பழி விழுகிறது. பல நேரங்களில் குற்றம் ஸ்பேரில் இல்லை, முறுக்கிய விதத்தில் இருக்கிறது. ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டை, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், அதனால் இன்னும் ஒன்றிரண்டு முறையும் சொல்வேன்.

முதலில் வாங்குவதைப் பற்றி. ஷாக் அப்சார்பரை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முன்பக்கம் என்றால் முன்னால் இரண்டும், பின்பக்கம் என்றால் பின்னால் இரண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் வண்டி சாயும். கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே அந்த வித்தியாசம் ஸ்டீயரிங் பிடித்த கைக்கே தெரியும். ஷாக் வாங்கும்போது டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (அமுங்கி முட்டும்போது தாங்கும் ரப்பர்), டஸ்ட் பூட் (தண்டை மூடும் உறை) நான்கும் உள்ளே இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். வெளி கம்பெனி பெட்டியில் பெரும்பாலும் ஷாக் மட்டும்தான் இருக்கும். பூட் கிழிந்திருந்தால் மழைச் சேறு தண்டில் ஒட்டி, சீலை அரித்துவிடும். நைலாக் நட்டுகளையும் புதிதாக வாங்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் நைலான் வளையம் ஒருமுறை பிடித்த பிடியை மறுமுறை பிடிக்காது.

அடுத்தது இடம். மலையில் இதுதான் பெரிய சிக்கல். நம் வீட்டு வாசல்கள் முக்கால்வாசி சரிவு. மேஸ்திரி வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள். குமிழ் கோட்டைத் தாண்டி ஓடினால் அங்கே ஜாக்கி போட வேண்டாம். சமமான சிமெண்ட் தரை இருக்கும் தெரிந்தவர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். மழை பெய்த மண்ணும் புல்லும் கூடாது, ஸ்டாண்டின் கால் ஒரு பக்கமாக மெல்ல இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. முன்பக்கத்தைத் தூக்குவதாக இருந்தால் பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் நிறுத்துங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. கழற்றிய சக்கரத்தையும் அப்படியே பக்கவாட்டில் அடியில் படுக்கப் போட்டு வையுங்கள்.

தூக்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. வண்டி நான்கு காலில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி ஃபெண்டரிலேயே ஒட்டிவிடுங்கள். 38 சென்டிமீட்டரோ 37-ஓ, எது வருகிறதோ அது. இந்த எண் பின்னால் தேவைப்படும்.

கழற்றும்போது நம் ஊரின் இன்னொரு தொல்லை துரு. பனியும் மூடுபனியும் மழையும் மாறி மாறி வருவதால் போல்ட்டுகள் பிடித்துப்போயிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை நட்டில் விடுங்கள், காலையில் இன்னொரு முறை. ரப்பர் மேல் படாமல் விடுங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டின் கிளிப்பிலிருந்து விடுவித்த பிறகுதான் ஸ்ட்ரட் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் பெயின்டாலோ ஆணியாலோ ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வரும். ஸ்ட்ரட் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். கம்பி போட்டு இழுத்துக் கட்டிவிடுங்கள். சாயவிட்டால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு கழன்றுகொள்ளும், பிரேக் ஹோஸும் இழுபடும்.

இப்போது ஸ்பிரிங். இந்த ஒரு இடத்தில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. 850 கிலோ எடையுள்ள சின்னக் காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 250 கிலோவைத் தாங்குகிறது. அந்தப் பாரத்தைத் தூக்கி நிறுத்தும் காயில் ஸ்பிரிங், ஸ்ட்ரட்டைக் கழற்றி வெளியே எடுத்த பிறகும் அமுங்கிய நிலையிலேயேதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது மேலே இருக்கும் ஒரே ஒரு நடு நட். ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கையால் முறுக்கி, ஸ்பிரிங் அதன் தட்டில் தளர்ந்து ஆடத் தொடங்கிய பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். கம்ப்ரஸர் திருகில் கிரீஸ் போடுங்கள், ஏர் கன் வைக்காதீர்கள். நல்ல கம்ப்ரஸர் கையில் இல்லையென்றால், ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி ஒரு ஒர்க்ஷாப்பில் கொடுத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வாருங்கள். அதுவே புத்திசாலித்தனம்.

புது ஷாக் கடையில் படுத்துக் கிடந்திருக்கும். உள்குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதனால் செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக முழுசும் அமுக்கி முழுசும் இழுத்து, நான்கைந்து முறை செய்த பிறகு மாட்டுங்கள். இடையில் படுக்கப் போட வேண்டாம். தண்டு சுற்றாமல் இருக்க கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாது. அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கீறல் சீலை அறுக்கும், புது ஷாக் கசியும். தண்டின் நுனியிலேயே ஆலன் கீ போட இடம் இருக்கும். ஸ்பிரிங்கின் முனை, தட்டில் இருக்கும் படியில் போய் முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, இப்போது புஷ். புஷ்ஷை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ஒரு இரும்புக் குழல், இரண்டுக்கும் இடையில் ரப்பர். அந்த ரப்பர் இரண்டு பக்கமும் இரும்போடு ஒட்டி வார்க்கப்பட்டது. நடுக்குழலின் முகப்பில் விரல் நுனியை வைத்துத் தடவினால் சின்னச் சின்னப் பற்கள் தட்டுப்படும். போல்ட்டை முறுக்கும்போது அந்தப் பற்கள் பிராக்கெட்டைக் கவ்விக்கொள்கின்றன. அதன் பிறகு குழல் சுற்றாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர்தான் முறுகி முறுகித் திரும்புகிறது.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது ஆர்ம் கீழே தொங்குகிறது. ஆர்மின் நீளம் 35 சென்டிமீட்டர், முனை 9 சென்டிமீட்டர் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 15 டிகிரி. அந்த நிலையில் முறுக்கினால் ரப்பருக்கு அதுவே ‘நேர்’ நிலை ஆகிவிடுகிறது. வண்டியை இறக்கியதும் ஆர்ம் 15 டிகிரி மேலே வருகிறது, ரப்பர் அவ்வளவும் முறுகிவிடுகிறது. கார் ஓடாமல் வாசலில் நின்றாலும் முறுகியேதான் நிற்கும். அதற்கு மேல் ஒரு மேட்டில் ஏறினால் இன்னும் முறுகும். நடுக்குழலை ஒட்டி மயிரிழை போல ஒரு வெடிப்பு சாய்வாகத் தோன்றும், அது சுற்றிப் படர்ந்து கிழியும். மலைச் சாலையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறக்கம் முழுக்க பிரேக், வளைவுக்கு வளைவு வெளிச்சக்கரத்தில் பாரம், இரண்டையும் வாங்குவது அந்த ரப்பர்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் ரப்பர் விறைத்துப்போயும் இருக்கும்.

ஆகவே போல்ட்டை நுழையுங்கள், நட்டைக் கையால் பூட்டுங்கள், அங்கேயே நிறுத்துங்கள். முறுக்க வேண்டாம். பாரம் இறங்கட்டும்.

எப்படி இறக்குவது? ஆர்மின் முனையில் ஜாக்கி கொடுத்து, ஒட்டுத்தாளில் எழுதிய உயரம் வரும்வரை தூக்கி முறுக்கலாம் என்று சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த உயரம் வரும்போது அந்த மூலையின் எடை முழுதும் ஜாக்கிக்கு வந்துவிட்டது என்று பொருள். ஸ்டாண்டு அங்கே சும்மா நிற்கும். அதனால் நான் சொல்வது மரப்பலகை முறை. சக்கரத்தை மாட்டி, டயரைவிட அகலமான தடித்த பலகைகளை 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு அடுக்கி, முன்சக்கரம் இரண்டையும் அதன் மேல் இறக்குங்கள். நம் ஊரில் கற்பூர மரப் (யூகலிப்டஸ்) பலகை எளிதாகக் கிடைக்கும், ஆனால் அது நீளவாக்கில் பிளக்கும். குறுக்கே பட்டை அடித்து ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை எடுத்துவிடாமல், வண்டியை ஆட்டினாலும் முட்டாத இடைவெளியில் காவலுக்கு வையுங்கள். பானெட்டை நாலைந்து முறை அழுத்தி ஆட்டி விடுங்கள், சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்காரும். அளவு எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புது ஸ்பிரிங் என்றால் கொஞ்சம் கூடுதலாக வரும், அது சரிதான். பிறகு பக்கவாட்டிலிருந்து நீள எக்ஸ்டென்ஷன் போட்டு, உங்கள் காரின் ஒர்க்ஷாப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். அடுத்த வண்டிக்காரர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம், மாடலுக்கு மாடல் மாறும்.

ஏற்கெனவே தொங்கவிட்டு முறுக்கியாகிவிட்டதா? ரப்பர் கிழியவில்லையென்றால் இன்றைக்கே சரிசெய்யலாம். பலகை மேல் ஏற்றி, போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை ஆட்டி, மறுபடி முறுக்குங்கள். தளர்த்தும்போது ‘டக்’ என்று ஆர்ம் விடுபடும். முறுகியிருந்ததற்கு அதுவே சாட்சி.

பின்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்புச் சட்டம், அதாவது பீம், இணைக்கும் கார்களில் பீமின் முன்முனை புஷ்ஷுக்கும், பின் ஷாக்கின் கீழ்க் கண்ணில் இருக்கும் ரப்பருக்கும் இதே விதிதான். பாலியூரித்தேன் புஷ் வேறு வகை. அதில் ரப்பர் போல ஒட்டு இல்லை, குழல் உள்ளே வழுக்கிச் சுற்றும். கூடவே வரும் சிலிகான் கிரீஸைத் தடவாமல் மாட்டினால் கீச்சிடும். சாலையின் அதிர்வும் உள்ளே அதிகம் வரும். வீட்டுக் காருக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே போதும் என்பது என் கருத்து. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதிதை அடித்து ஏற்றுவதைவிட, புஷ்ஷும் பால் ஜாயின்டும் சேர்ந்த முழு லோயர் ஆர்மாக வாங்குவது நல்லது. புஷ் மட்டும்தான் வாங்குவேன் என்றால் பிரஸ் உள்ள இடத்தில் ஏற்றுங்கள். ரப்பரில் துளை விட்டிருக்கும் புஷ்ஷாக இருந்தால் அந்தத் துளை பழையதில் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் போக வேண்டும். வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் வேண்டாம்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், போட வேண்டாம். அது இருக்கும் சுற்று வேலை செய்யாது, மீதிச் சுற்றுகள் மட்டுமே அமுங்கும், ஸ்பிரிங் கடினமாகி ஷாக்கால் அதை அடக்க முடியாமல் போகும். வண்டியின் உயரத்தைக் கூட்டுவது, குறைப்பது என்றால், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறான மாற்றங்களுக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது. செலவழிக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்குங்கள். பல சின்னக் கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். பிரேக் பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்த பிறகு வண்டியை எடுங்கள். ஊருக்குள் கொஞ்சம் ஓட்டி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகு இறக்கத்தில் கொண்டுபோங்கள். ஸ்ட்ரட் கழற்றியிருந்தால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். ஆர்ம் புஷ் போல்ட்டைச் சரிபார்க்கும்போதும் வண்டி சக்கரத்தில்தான் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல.

நன்றி, வணக்கம்.