பழைய சைக்கிள் ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங்கா, ஸ்பிரே கேனா?

அடுத்த கேள்வி திருவொற்றியூரிலிருந்து வந்திருக்கிறது. அப்பா ஓட்டிய பழைய ஹெர்குலிஸ், இரும்பு ஃபிரேம், அங்கங்கே துரு, பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா இல்லை ஸ்பிரே கேன் வாங்கி மொட்டை மாடியிலேயே அடித்துவிடலாமா என்று கேட்கிறார்.

கலரெல்லாம் அப்புறம், வண்டி எங்கே நிற்கப் போகிறது? கடல் பக்கம், உப்புக் காற்று, வாசலிலேயே நிற்கும் என்றால் கேன் வேண்டாம். சாதாரண கேனில் பெயிண்டைக் கெட்டியாக்குகிற ஹார்டனர் கிடையாது, தின்னர் ஆவியாகிப் பெயிண்ட் காய்கிறது, அவ்வளவுதான். செயின் கழன்று ஒரு தடவை உரசினால் இரும்பு தெரியும், தெரிந்த இடத்தில் மறுபடி துரு.

பவுடர் கோட்டிங்கில் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து ஃபிரேமில் ஒட்டவைத்து, ஓவனில் 180, 200 டிகிரி சூட்டில் உருக்குகிறார்கள். இரும்புக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. கார்பன் ஃபிரேம்காரர்கள் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் இந்த வேலைக்குப் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் கிரில், மேஜைக் கால் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு சைக்கிளில் மரை எங்கெங்கே இருக்கிறது என்று நாம்தான் காட்ட வேண்டும். பெடல் ஆக்சில் போகிற குழாயின் இரண்டு வாயிலும் மரை உண்டு, அதில் பவுடர் ஏறினால் பேரிங் உட்காருகிற கப் உள்ளே போகாது, போகவில்லையே என்று சுத்தியலை எடுத்தால் மரை காலி. அதனால் பேரிங், கப் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுங்கள், மரை இருக்கிற இடத்தில் சூடு தாங்குகிற டேப்போ சிலிகான் அடைப்போ போட்டார்களா என்று கூடவே நின்று பாருங்கள். முன்னால் கம்பெனித் தகடு ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், பவுடர் மூடினால் எழுத்து போய்விடும். குழிக்குக் கார் பட்டி போட்டு அனுப்பாதீர்கள், ஓவனில் கொப்பளித்துக் கிளம்பும்.

துருவை சாண்ட் பிளாஸ்டிங்கில், அதாவது மணல் மாதிரித் துகளை வேகமாக அடித்து, எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த அன்றைக்கே பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஏற வேண்டும், நம்ம ஊர் ஈரத்தில் வெறும் இரும்பை ராத்திரி விட்டு வைத்தால் காலையில் மேலே செம்மஞ்சள் பூத்திருக்கும்.

சரி, எனக்கு அந்தப் பழைய தங்கக் கோடு வேண்டும், பளபளப்பு வேண்டும் என்றால் பைக் டேங்க் அடிக்கிற பெயிண்டரிடம் போங்கள். எபாக்ஸி பிரைமர், ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட், மேலே கிளியர் கோட்டு. பிறகு எங்காவது பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், பவுடரில் அது கஷ்டம். இதை வீட்டில் அடிக்க நினைக்காதீர்கள், ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கிற ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் அதை நிறுத்தாது.

இவருக்கு என் ஓட்டு பவுடர்தான், கறுப்பு. ஒரு விஷயம் மட்டும், எந்தக் கோட்டிங்கும் குழாயின் உள்பக்கம் சரியாகப் போகாது. வாங்கி வந்ததும் சீட் குழாய் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஃபிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி, ஒரு ராத்திரி வடியவிட்டு அப்புறம் கப் மாட்டுங்கள்.