பண்டிகை நாளும் வீட்டு அடுப்பும்

(ஆடி மாதத்தில் சேலத்தில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் மாடியேறி வந்து தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, அலுவல்களுக்கு இடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாட்சியர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்ததோடு மாலைச் சிற்றுண்டிக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட செவ்வாய்ப்பேட்டை வணிகப் பெருமக்களே, கன்னங்குறிச்சியிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் சகோதரிகளே, இடமின்றிப் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வட்டாட்சியர் ஐயா அவர்கள் என்னிடம் ஆறாம் வகுப்பில் தமிழ் படித்தவர். வரவேற்புரையில் அது விடுபட்டுப்போனதால், நானே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். பண்டிகை நாளில் இருப்பதைக் கொண்டு புதுப் பலகாரம் காண்பது முதலாவது. வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவத்தை எழுதி வைப்பது இரண்டாவது. ஆண்பிள்ளைகளை அடுக்களைக்குள் அழைப்பது மூன்றாவது. இவற்றோடு, நம் சேலம் ஜவ்வரிசிக்காக ஒரு விண்ணப்பமும் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, அடுப்படியில் ஓயாமல் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?" நான் இன்று பேசப்போவதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

நேற்று முன்தினம் ஆடி முதல் நாள். நம் தெருக்களில் தேங்காய் சுட்ட மணம் இன்னும் போகவில்லை. சென்னையில் படிக்கும் என் பேத்தியின் தோழிகளுக்கு இப்படியொரு பண்டிகை இருப்பதே தெரியாதாம். தேங்காயின் நாரை நீக்கி, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்து, நீரில் கொஞ்சத்தை வடித்துவிட்டு, பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் ஆகியவற்றை உள்ளே இட்டு, மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியைச் செருகி நெருப்பில் வாட்டிப் பிள்ளையாருக்குப் படைக்கிறோம். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்று பெரியவர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, உள்ளே இடும் பொருளுக்கு எவரும் அளவு விதிக்கவில்லை என்பதே. வீட்டுக்கு வீடு கைவாகு மாறும், மணமும் மாறும். இந்த ஆண்டு ஊறவைத்த ஜவ்வரிசி ஒரு கைப்பிடியை நான் சேர்த்துப் பார்த்தேன். தேங்காய் நீரிலேயே வெந்து, வெல்லத்தோடு குழைந்து, கண்ணாடி மணிகளாக வந்தது.

இந்தத் துணிச்சலை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அக்காவின் தலைதீபாவளி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதி வந்தார். மாப்பிள்ளை கும்பகோணத்துக்காரர், நெய்யும் முந்திரியுமாக உண்டு வளர்ந்தவர். அவரும் அக்காவும் இரண்டு நாள் முன்னதாகவே மலையேறி வந்துவிட்டார்கள். தீபாவளிக்கு முதல் நாள் காலையில், நெய், பருப்பு, அரிசி மாவு, சர்க்கரை எல்லாம் வாங்கி வரவேண்டி அப்பா சேலத்துக்கு இறங்கினார். பிற்பகலில் பிடித்த மழை விடவே இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பாறை சரிந்து பேருந்து நின்றுவிட்டது என்று இருட்டும் வேளையில் செய்தி வந்தது. கூடத்தில் மாப்பிள்ளை வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுக்களையில் அம்மா காலி டப்பாக்களைத் திறந்து திறந்து மூடுகிறார். அக்கா அழுதே விட்டாள்.

அம்மாயி மட்டும் கலங்கவில்லை. வடகத்துக்கு எடுத்து வைத்திருந்த ஒரு படி ஜவ்வரிசி, இரண்டு உருண்டை வெல்லம், மூன்று தேங்காய், கொஞ்சம் நிலக்கடலை, தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடியின் மிளகு, அடிவாரத்து ஊரிலிருந்து தொழிலாளி ஒருவர் அன்போடு கொண்டுவந்து தந்த குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக்கிழங்கு, இவ்வளவுதான் வீட்டில் இருந்தன. அவற்றை வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, "கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு எதற்கடி அழுகை?" என்று அக்காவைக் கேட்டார்.

இரவே ஜவ்வரிசி ஊறியது. விடியற்காலையில் அதைச் சொட்டு நீரின்றிப் பிழிந்தார்கள். ஈரம் நின்றால் எண்ணெயில் வெடிக்கும். குச்சிக்கிழங்கைத் தோல் தடிக்கச் சீவி, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மசித்தார்கள். கிழங்கின் நச்சுத்தன்மை நீங்க இது கட்டாயம் என்பதை இளம் சகோதரிகள் மறக்கக்கூடாது. மசித்த கிழங்கு, ஜவ்வரிசி, வறுத்துப் பொடித்த கடலை, நுணுக்கிய மிளகு எல்லாம் சேர்த்துப் பிசைந்ததும் பருப்பே இல்லாத வடை தயாராயிற்று. மீதி ஜவ்வரிசி பாயசமானது. பால் இல்லாததால், இரண்டாம் தேங்காய்ப்பாலில் மணிகள் கண்ணாடியாகும் வரை வேகவிட்டு, அதன் பிறகே வெல்லப் பாகை ஊற்றி, இறக்கியபின் முதல் பாலைச் சேர்த்தார் அம்மாயி. வெல்லம் முந்தினால் ஜவ்வரிசி விறைத்துப்போகும். அந்த வரிசைமுறையை அன்று நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றேன்.

மாப்பிள்ளை ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "அத்தை, இது என்ன பலகாரம்?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் இருந்தால்தானே சொல்வதற்கு! அம்மாயிதான் உள்ளிருந்து உரக்கச் சொன்னார்: "எங்க மலைத் தீபாவளி வடைங்க மாப்பிள்ளை!" அவர் ஏழு வடை சாப்பிட்டார். நண்பகலில், குறுக்குப் பாதையில் நடந்தே ஏறி, நெய் டின்னைத் தோளில் சுமந்தபடி நனைந்து வந்து நின்ற அப்பாவைப் பார்த்து, "மாமா, அந்த வடை இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார் மாப்பிள்ளை. இன்றுவரை அக்கா வீட்டுத் தீபாவளிக்கு அந்த வடை இல்லாமல் இலை விரிப்பதில்லை.

பெரியோர்களே, நம் ஊர் ஜவ்வரிசியே இப்படிப் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் ஜவ்வரிசியைச் சேகோ என்பார்கள்; உண்மையான சேகோ என்பது தென்கிழக்காசியாவில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்ட 1940களில், தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றிவிட்ட குச்சிக்கிழங்கின் மாவை அதற்கு மாற்றாகக் கொண்டு மணியாக்கிக் காட்டினார்கள் சேலத்துக்காரர்கள். இல்லாமையைச் சமாளிக்கக் கண்ட அந்த வழி இன்று பெருந்தொழில். உற்பத்தியாளர்களுக்கென 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது; 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதன் பெரும்பகுதி எங்கே போகிறது? மகாராஷ்டிரத்திலும் வங்கத்திலும் வாங்கிச் சமைக்கிறார்கள். அங்கே விரத நாள் என்றால் சாபுதானா கிச்சடி. கிழங்கு விளைவித்த நம் வீடுகளிலோ பாயசத்துக்கும் வடகத்துக்கும் மேல் அதற்கு வேலையில்லை. வெண்ணெய் நம் கையில், நெய் மணப்பது அயல்வீட்டில்! விளைச்சல் கூடிய ஆண்டில் கிழங்கின் விலை சரிந்து, உழவர் கண்ணீர் வடிப்பதை ஆத்தூர்ப் பக்கத்து உறவினர் வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே சகோதரிகளே, ஆடிப் பதினெட்டுக்குக் கலவைச் சாதம் கட்டும்போது எலுமிச்சைச் சாதத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசியையும் அதே தாளிப்பில் செய்து வையுங்கள். கடையில் பளீரென்ற வெண்மையைத் தேடாதீர்கள். அந்த வெண்மைக்காகவே ரசாயனம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சற்று மங்கிய நிறத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கைப்பக்குவத்தை எழுதி வைப்பது பற்றி விரிவாகப் பேச நேரம் இடம் தரவில்லை. அம்மாயியின் வடைக்கு நான் ஒரு நோட்டில் குறிப்பெழுதி வைத்திருக்கிறேன், வேண்டுவோர் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஆண்பிள்ளைகளைப் பற்றியும் தலைவர் அம்மையார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எனக்கு முதன்மையானது வேறொன்று. பொங்கல் பரிசுத் தொகுப்பில் குடும்ப அட்டைக்கு அரைக் கிலோ சேலம் ஜவ்வரிசி சேர்க்க வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். சத்துணவுக் கூடங்களிலும் மாதம் ஒருநாள் அது பரிமாறப்பட வேண்டும் என்பது விண்ணப்பத்தின் இரண்டாவது கோரிக்கை. தாள்கள் வாசலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. கையொப்பத்தோடு ஊர்ப் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். வட்டாட்சியர் ஐயா அவர்கள் இன்றே பெற்றுக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே மேசையில் மலைத் தீபாவளி வடையும் வைத்திருக்கிறோம். சூடு ஆறுவதற்குள் வாருங்கள். வணக்கம்.