ஏட்டுச் சுரைக்காயும் கரியமில வாயுவும்

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முழங்கால் வலியோடு படியேறி வந்திருக்கும் முன்னாள் முதல்வர் ஐயா அவர்களே, வேதியியல் துறைத் தலைவர் அம்மா அவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்த மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன்: மாறுநிலை என்பது என்ன, அதைக் கணக்கிடுவது எப்படி, 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்க அது எப்படி உதவியது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மூலக்கூறுகளுக்குப் பருமனும் இல்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை என்று வைத்துக்கொள்ளும் நல்லியல்பு வாயுச் சமன்பாடு அப்படிப்பட்ட சுரைக்காய். எவ்வளவு அழுத்தினாலும் அதில் வாயு திரவமாகாது.

எங்கள் கல்லூரிக் கிடங்கில் ஒரு கரியமில வாயுத் தீயணைப்பான் இருந்தது. கிடங்குக்காரர் மார்கழிக் காலையில் அதை ஆட்டிப் பார்ப்பார். உள்ளே களக்களக் என்று சத்தம் வரும், திருப்தியாகப் போய்விடுவார். சித்திரை மதியம் ஆட்டினார். சத்தமே இல்லை! "சார், கேஸ் ஓடிப்போச்சு" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். கடைக்காரர் எடை போட்டார், குறையவே இல்லை. ஆட்டோக் காசு என் தலையில். அங்கே நான்கு பேர் முதுகலை வேதியியல் படித்தவர்கள், நான் உட்பட! கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக இருக்காது என்று தேர்வில் எழுதியவர்கள்தாம்.

1869-இல் வேதியியலாளர் ஆண்ட்ரூஸ் அளந்து சொன்னது அது. 1873-இல் இயற்பியலாளர் வாண்டர்வால்ஸ், நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் மூலக்கூறுகளின் ஈர்ப்புக்கு ஏ, பருமனுக்கு பி என்று இரண்டு திருத்தம் போட்டார். திரவமும் வாயுவும் வேறுபாடின்றி ஒன்றாகும் மாறுநிலைப் புள்ளியில், வெப்பநிலை மாறாமல் பருமனுக்கு எதிரே வரைந்த அழுத்தக் கோட்டின் முதல், இரண்டாம் வகைக்கெழுக்கள் சுழி, அதாவது கோடு அங்கே கிடைமட்டமாகிறது. அதிலிருந்து மோலார் பருமன், அதாவது ஒரு மோல் வாயு அடைக்கும் இடம், 3பி. வெப்பநிலை, 8ஏ-வை 27ஆர்பி-யால் வகுத்தது; ஆர் என்பது வாயு மாறிலி. அழுத்தம், ஏ-வை 27பி-வர்க்கத்தால் வகுத்தது. கரியமில வாயுவுக்கு 304 கெல்வின், அதாவது அதே 31 டிகிரி, அழுத்தம் 74 பார். அளந்ததும் அதுதான். கைதட்டாதீர்கள்! ஏ, பி இரண்டையும் அந்த அளவுகளிலிருந்தே எடுத்திருக்கிறோம். குட்டு வெளிப்படுவது பருமனில்: மோலுக்குக் கணக்கு 128 மில்லிலிட்டர், அளவீடு 94. வாண்டர்வால்ஸ் சமன்பாட்டை மேலும் திருத்திய பெங்–ராபின்சன் சமன்பாடு 1976-இல் வந்து இடைவெளியைக் குறைத்தது, முழுதாக மூடவில்லை.

128-ஐ மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு 94 தெரியாது. ஏட்டுச் சுரைக்காய்! அதனால்தான் ஊர் ஊராகக் கேட்கிறேன், செய்முறைக் கூடத்தைத் திறந்து வையுங்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் தூசி தட்டும் கூடம் எதற்கு?

மணி அடித்துவிட்டார்கள். ஹீலியம் இன்னொரு நாள். முதல்வர் ஐயா, வரும்போது பார்த்தேன், உங்கள் ஆய்வகக் கதவில் இரண்டு பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது?