சமையலறைக்கு அனுப்பிய பிரசங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

1856 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் மார்மன் எனப்படும் கிறிஸ்தவ வழிச் சபையின் மக்கள் ஆராதனைக்குக் கூடியிருந்தார்கள். தலைவர் பிரிகாம் யங் எழுந்து, இன்று பிற்பகல் கூட்டம் கிடையாது, பெண்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். வழியில் பனியில் சிக்கிப் பிழைத்தவர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்ட வேண்டும், வாய்க்கு ஏதாவது கொடுக்க வேண்டும், கூட இருந்து கவனிக்க வேண்டும். ஜெபம் நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் தேவைப்படும்போது ஜெபம் அதற்கு ஈடாகாது என்றும் சொன்னார்.

மார்மன் என்றதும் பலருக்குப் பலதார மணம்தான் நினைவுக்கு வரும். அதைக் கைவிடுவதாகச் சபை 1890-லேயே அறிவித்துவிட்டது. இந்தச் சமயத்தைப் புரிந்துகொள்ள, அந்த உருளைக்கிழங்குதான் நல்ல வழி என்று நான் நம்புகிறேன்.

யார் அந்தப் பயணிகள்? ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. 1844-இல் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. விரட்டப்பட்ட மக்கள் 1847-இல், சால்ட் லேக் நகர் இருக்கும் யூட்டாவில் குடியேறினார்கள். பின்னாலேயே பிரிட்டனிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் ஏழைகள் கப்பல் ஏறி வந்தார்கள். மாட்டு வண்டிக்குப் பணம் போதாததால், கையால் இழுக்கும் வண்டியில் சாமானை ஏற்றி, அயோவாவிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் நடந்தார்கள்.

1856-இல் கடைசியாகக் கிளம்பிய இரண்டு குழுக்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர். பச்சை மரத்தில் செய்த வண்டிகள் வழியெல்லாம் உடைந்தன. காலம் கடந்துவிட்டது, போக வேண்டாம் என்று லீவை சாவேஜ் என்பவர் கண்ணீரோடு எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. சரி, நானும் உங்களோடு வருகிறேன், தேவைப்பட்டால் உங்களோடு சாகிறேன் என்று கூடவே நடந்தார். அக்டோபரில் பனி கொட்டியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

செய்தி எட்டிய மறுநாளே பிரிகாம் யங் கோவேறு கழுதைகளும் மாவும் கேட்டார். போய் அவர்களைக் கூட்டி வாருங்கள், அதுதான் என் மதம் என்றார். பெண்கள் உள்பாவாடையையும் காலுறையையும் அங்கேயே கழற்றிக் கொடுத்தார்கள் என்று அவர்களில் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு நாளில் வண்டிகள் புறப்பட்டன. ஆனால் கைவண்டித் திட்டமே பிரிகாம் யங் வகுத்ததுதான். மீட்டது பெரிய காரியம்; அதனால் பயணிகளை அவ்வளவு தாமதமாக அனுப்பிய பிழை இல்லாமல் போகாது.

கடவுளுக்கு எல்லாக் காரியமும் ஆன்மிகமே என்று அவர்களுடைய வேதத்தில் ஒரு வசனம் உண்டு. அதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, மிச்சமாகும் பணத்தை இல்லாதவர்களுக்கென்று கொடுக்கிறார்கள். பட்டினி கிடப்பது பல சமயங்களிலும் உண்டு. அந்தச் சாப்பாட்டின் விலை இன்னொரு வீட்டு அடுப்புக்குப் போக வேண்டும் என்று கணக்காகச் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கிறது.

அந்த முதல் ஞாயிறன்று முன்கூட்டியே ஏற்பாடு செய்த பிரசங்கம் கிடையாது. மனதில் பட்டவர் எழுந்து பேசலாம். சிறுவன் பேசுவான், பாட்டி பேசுவார். வேலை போனதையும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததையும் சொல்லி, நடுவில் அழுதுவிடுகிறவர்களும் உண்டு. ஒரு சமயத்தின் சிந்தனையை அறிய, தத்துவ நூல்களோடு இந்தப் பேச்சுகளையும் கேட்க வேண்டும்.

சாப்பிடாமல் மிச்சம் பிடித்த அந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் உள்ளூர் ஆயர். அவருக்குச் சம்பளம் இல்லை. பகலில் ஆசிரியராகவோ குழாய் பழுதுபார்ப்பவராகவோ வேலை செய்துவிட்டு, மாலையில் சபைக் குடும்பங்களின் வாடகைப் பாக்கியையும் மனக்கசப்பையும் கேட்கிறார். சில ஆண்டுகளில் பொறுப்பு இன்னொருவருக்கு மாறிவிடும். அப்புறம் அவரையே மழலை வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும் சொல்லலாம். சபையின் பார்வையில் அது பதவி இறக்கம் இல்லை.