டீகார்டனின் டம்ளர் சத்தம் வந்துவிட்டது!

வணக்கம் மக்களே! வந்துவிட்டது. ஜாஸ் கலைஞர் ஜாக் டீகார்டன் தன் டிராம்போனில் (குழாயை இழுத்து இழுத்து ஊதுகிற பித்தளைக் கருவி) கண்ணாடி டம்ளரை வைத்து எழுப்பிய சத்தம்தான். 3 வாரமாக எனக்கு வராத அது இன்று காலை வந்தேவிட்டது.

போன வீடியோவில் எவர்சில்வர் டம்ளரோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்திருப்பீர்கள். தகரம் அதிர்கிற மாதிரிதான் கேட்டது. நேற்று பாத்திரக் கடையில் 40 ரூபாய்க்கு அடி கனத்த கண்ணாடி டம்ளர் ஒன்று வாங்கினேன். டிராம்போனின் பெல் பகுதியை, அதாவது முன்னால் விரிந்திருக்கிற வாயைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயின் வாயில் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து ஊதினேன். ஒட்டப் பிடித்தால் மூச்சு அடைக்கிறது. ஒரு விரல் இடைவெளி விட்டதும், போர்வைக்குள் யாரோ விசும்புகிற மாதிரி ஒரு குரல். உடம்பு சிலிர்த்துவிட்டது. வெறும் 40 ரூபாய்!

இது ஜாக் டீகார்டனின் வித்தை. ஸ்விங் காலம், அதாவது ஆடவைக்கிற ஜாஸ் கொடிகட்டிப் பறந்த 1930-40கள் என்றாலே, டிராம்போன் வாசித்த இசைக்குழுத் தலைவர்கள் க்ளென் மில்லர், டாமி டோர்சி என்றே கமெண்ட் வருகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது. 1928-இல் பென் பொல்லாக்கின் ஜாஸ் குழுவில் டீகார்டன் சேர்ந்தபோது அங்கே டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தவர் இதே மில்லர். அப்புறம் சோலோ, அதாவது தனித்து வாசிக்கிற இடமெல்லாம் டீகார்டனுக்குத்தான்.

பிறகு ஏன் பெயர் அடிபடவில்லை? 1933 கடைசியில் பால் ஒயிட்மேன் இசைக்குழுவோடு 5 வருட ஒப்பந்தம் போட்டார். சம்பளம் நிச்சயம், ஆனால் கையைக் கட்டிப்போட்டது. 1935-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் ஸ்விங் இசையால் நாட்டையே ஆடவைத்தபோது இவரால் வெளியே வர முடியவில்லை. அந்தக் குட்மேனும் பொல்லாக் குழுவில் இவர் பக்கத்தில் இருந்தவர்தான்! 1939-இல் சொந்தக் குழு தொடங்கினார், கடன்தான் மிச்சம். 1946-இல் கலைத்துவிட்டு, அடுத்த வருடம் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஆல் ஸ்டார்ஸ் குழுவில் சேர்ந்தார். அங்கே இருவரும் சேர்ந்து பாடுவதைக் கேட்டால் அண்ணன் தம்பி திண்ணையில் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். டெக்சாஸில் சின்னப் பையனாக டிராம்போனைத் தூக்கியபோது ஸ்லைடை (சுரம் மாற்ற இழுக்கிற குழாய்) முழுக்க நீட்ட அவருக்குக் கை எட்டவில்லை. அதனால் உதட்டாலேயே சுரங்களைப் பிடிக்கப் பழகினார். பெரியவரான பிறகும் அவர் கை அதிகம் நகராது. நான் முழங்கை வலிக்க இழுக்கிற இடத்தை அவர் இரண்டு அங்குலத்தில் முடித்துவிடுவார்.

இன்னொன்று. 1958-இல் அமெரிக்க அரசு அவரை ஆசியச் சுற்றுப்பயணம் அனுப்பியது. இந்தியா, இலங்கைக்கும் வந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அப்போது கேட்டிருந்தால், தயவுசெய்து கமெண்டில் எழுதுங்கள். சரி, டம்ளரை எடுக்கிறேன், கேளுங்கள்.